சந்திரமோகனுக்கு மட்டும் திறந்த கதவு

போர்ட் பிளேரில் ஃபீனிக்ஸ் பே ஜெட்டிக்கு எதிர்ப்புற டீக்கடையில் ரூபா அந்தச் சங்கதியைச் சொன்னபோது அது ஏற்கெனவே இரண்டு வாய் மாறி வந்திருந்தது. கப்பல் டிக்கெட் கவுண்டரில் ரூபாவோடு வேலை பார்க்கும் பெங்காலிப் பெண் சொன்னது. அவளுக்குச் சொன்னது அவள் வீட்டுக்காரர். அவருக்கு யார் சொன்னார்கள் என்பது ரூபாவுக்குத் தெரியாது.

"சொக்கலிங்கம் ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேர் போட்ருக்காங்களாம். யாரு எதத் தட்டினாலும் முதலாளி போன்ல மணி அடிக்குதாம். ஒருத்தன் அவன் ஆளுக்கு மெயில் எழுதியிருக்கான். முதலாளி அத வாசிச்சிட்டு, 'தம்பி, எழுத்துப் பிழை ஜாஸ்தியா இருக்கு'ன்னாராம். ஸச் மே, நெசமாத்தான் சித்ரா. மனசுல நெனைக்கிறதக்கூடப் புடிச்சிரும்ங்கறாங்க."

"நெனைக்கிறதப் புடிக்கிறதா இருந்தா மொதல்ல என்னத்தான் புடிக்கணும்," என்றாள் சித்ரா.

ரூபா சிரித்தாள். சித்ராவின் கண் எதிரே இருந்த நீல ஷட்டரில் இருந்தது. 'சொக்கலிங்கம் மரைன் சர்வீசஸ்' என்ற பலகையில் உப்புக்காற்று அரித்து ஒரு எழுத்து பாதி காணாமல் போயிருந்தது. அது முழுசாக விழும் நாளைப் பார்ப்பதற்கென்றே அவள் இந்தக் கடையில் டீ குடிக்கிறாள் என்று ரூபா கேலி செய்வதுண்டு. அதில் கேலி கொஞ்சம்தான்.

ரூபா கேட்டு வந்ததில் இரண்டு தப்பு. அந்த மென்பொருள் புதிது இல்லை. யார் மனசையும் அது படிக்காது. தகவல் கசிவுத் தடுப்பு என்று அதற்குப் பெயர், ஆபீஸ்காரர்கள் சுருக்கமாக டி.எல்.பி. என்பார்கள். எந்தக் கோப்பு வெளியே போகக் கூடாது என்று காட்டி வைத்தால் அதன் சாயலை நினைவில் வைத்துக்கொள்ளும். கோப்பின் பெயரை மாற்றினாலும், பாதியை வெட்டி வேறொன்றில் ஒட்டினாலும், மெயில் வழியாகவோ பென் டிரைவ் வழியாகவோ அது வாசல் தாண்டும்போது அடையாளம் கண்டுகொள்ளும். கண்டதும் என்ன செய்வது என்பது அதற்கு விதி எழுதியவர் பாடு. தடு என்று எழுதியிருந்தால் தடுத்துவிட்டுத் திரையில் ஒரு சிவப்புப் பெட்டியைக் காட்டும். விட்டுவிடு, குறித்து மட்டும் வை என்று எழுதியிருந்தால் சத்தமில்லாமல் விட்டுவிட்டுக் குறித்து வைக்கும். யார் லாகின், எந்த மெஷின், எத்தனை மணி, யாருக்குப் போனது என்று எல்லாம் இருக்கும். நாற்காலியில் உட்கார்ந்திருந்தது யார் என்பது மட்டும் அதற்குத் தெரியாது.

அந்தத் தெரியாமைதான் சித்ராவை அந்த நீல ஷட்டருக்குள்ளிருந்து தெருவுக்கு அனுப்பியது.

சித்ரா நிக்கோபார் பக்கம் கட்சால் தீவில் பிறந்தவள். அவள் அம்மா தங்கம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்து, கட்சால் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்காரியாக ஆனவள். சுனாமி வீட்டையும் வீட்டுக்காரரையும் கொண்டுபோனபின் மகளைக் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வெளியே வண்டூரில் தம்பி வீட்டுப் பக்கம் ஒதுங்கினாள். சித்ரா போர்ட் பிளேரில் பி.காம். முடித்து, சொக்கலிங்கம் ஆபீசில் சேர்ந்தாள். மெயின்லேண்டிலிருந்து வரும் சிமெண்டையும் அரிசியையும் தீவு தீவாக ஏற்றி இறக்குகிற கம்பெனி. வண்டூர் முதல் பஸ் அவளை எல்லாருக்கும் முன்பே கொண்டுவந்து இறக்கிவிடும் என்பதால் ஆபீஸ் சாவி அவளிடம்தான் இருக்கும். ஷட்டரைத் தூக்கி, மின்விசிறியைப் போட்டு, ஜன்னலோரக் கம்ப்யூட்டரில் தன் லாகினைத் திறந்து வைப்பாள். நாள் பூரா அது திறந்தே கிடக்கும்.

இது அந்த ஆபீசின் பழக்கம். அந்தப் பழக்கம் நெட் சாட்டிலைட் வழியாகச் சொட்டுச் சொட்டாக வந்த காலத்தது. ஒரு தடவை தொடர்பு கிடைத்தால் சாயங்காலம் வரை விடக் கூடாது. அணைத்தால் மறுபடி வருமோ வராதோ. அதனால் யார் லாகினில் முதலில் திறந்ததோ அதிலேயே எல்லாரும் உட்கார்ந்து எழுந்து போவார்கள். கடலுக்கடியில் கேபிள் வந்து நெட் வேகமாக ஓடத் தொடங்கிய பிறகும் அந்தப் பயம் போகவில்லை. "சூடா இருக்கு, அணைக்காதீங்க" என்றுதான் சொல்வார்கள், அடுப்பைச் சொல்வதுபோல.

ஹோட்டல் விருந்தாளிகளுக்குக் கப்பல் டிக்கெட்டும் அந்தக் கம்பெனி எடுத்துக் கொடுக்கும். அதற்கு அனுப்பும் அடையாள அட்டை நகல்கள் கசியக் கூடாது என்று மெயின்லேண்ட் ஹோட்டல்காரர்கள் நிபந்தனை போட்டதால் ஆபீசுக்குள் அந்த மென்பொருள் வந்தது. வந்த புதிதில் தடுக்காமல் கவனித்துக்கொண்டு மட்டும் இருந்தது. அந்தச் சமயத்தில்தான் ஒரு சரக்கு டெண்டருக்கான ரேட் ஃபைல் ஒரு வெளி முகவரிக்குப் போனது. டெண்டர் வேறொரு கம்பெனிக்குப் போனது. பதிவில் இருந்தது சித்ராவின் லாகின்.

சொக்கலிங்கம் சிவகங்கைப் பக்கத்துக்காரர், அதிர்ந்து பேசாதவர். "ஏம்மா இப்பிடிச் செஞ்ச?" என்று மட்டும் கேட்டார்.

"நான் செய்யலீங்க முதலாளி. லாகின் என்னுது, வெரல் என்னுது இல்லீங்க. அந்த நேரம் நான் ஜெட்டியில பில்லு கையெழுத்து வாங்கிக்கிட்டு நின்னேன். ஜன்னல் சிஸ்டத்துல எல்லாருந்தான் ஒக்காருறாங்க. மேனேஜர் சாரோட கண்ணாடிகூடத் திரும்பி வந்தப்ப கீபோர்டு பக்கத்துலதான் கெடந்துச்சு."

மேனேஜர் சந்திரமோகன் அந்தக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார். நிதானமாக மறுபடி மாட்டிக்கொண்டார்.

"மெஷின் பொய் சொல்லுமா, சித்ரா?" என்றார். "மனுசங்கதாம்மா சொல்லுவாங்க."

அந்த வெளி முகவரி சந்திரமோகனின் மைத்துனருடையது என்று பிறகு ஒரு விசிட்டிங் கார்டைப் பார்த்துத் தெரிந்துகொண்டாள். வேலையை விட்டு அனுப்பப்பட்டவள் பிறகு தெரிந்துகொள்வதை யார் கேட்பார்கள். அன்று அவளுடைய டிபன் பாக்சையும் குடையையும் எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி வந்தவள் அங்கம்மா ஒருத்திதான். அவளும் கட்சால்காரி. சித்ரா சொல்லித்தான் அந்த ஆபீசில் சேர்ந்தவள். டிபன் பாக்சைக் கையில் கொடுத்துவிட்டு, பஸ் நகரும் வரை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

அதற்குப் பிறகு சித்ரா அழவும் இல்லை, கோயிலுக்குப் போய் முறையிடவும் இல்லை. போர்ட் பிளேரிலேயே ஜங்லிகாட்டில் ஈஸ்வரனின் கம்ப்யூட்டர் கடையில் பிரிண்டர் கார்ட்ரிட்ஜ் விற்கச் சேர்ந்தாள். அந்தக் கடை இதே மென்பொருளை நாலைந்து கம்பெனிகளுக்குப் போட்டுக் கொடுத்துப் பராமரித்து வந்தது. அது தெரிந்துதான் சேர்ந்தாள். கஸ்டமர் இல்லாத மத்தியானங்களில் அதன் ஒவ்வொரு திருகையும் கற்றாள். மற்றவர்கள் சம்பள உயர்வுக்குப் படிப்பார்கள். அவள் ஒரு ஆளுக்காகப் படித்தாள்.

"ஏ புள்ள, அந்த ஆள நெனச்சுக்கிட்டே சோறு திங்காத. கசக்கும்," என்பாள் தங்கம்மா.

"எனக்கு அதுதாம்மா ஊறுகா."

"வெளங்கும். ஒரு நாளைக்குப் பானையோட ஊறுகாயாப் போகப்போற."

தங்கம்மாவிடம் சொல்லாத ஒன்று உண்டு. பஸ்ஸில் வரும்போது சித்ரா ஒரு வாக்கியத்தை ஒத்திகை பார்ப்பாள். சந்திரமோகன் முதலாளி முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும்போது சொல்ல வேண்டியது. மெஷின் பொய் சொல்லுமா, சார்? அந்த 'சார்' எவ்வளவு மெதுவாக விழ வேண்டும் என்பதுவரை அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

ஈஸ்வரன் மடையர் இல்லை. சித்ரா தேறியதும் மற்ற கம்பெனிகளையெல்லாம் அவளிடம் விட்டார். சொக்கலிங்கம் கம்பெனியை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டார். மனைவியின் பிரசவத்துக்குச் சென்னை கிளம்பிய அன்று பெட்டியைத் தூக்கிக்கொண்டே சொன்னார்: "பாஸ்வேர்டு குடுக்கறேன், அவசரத்துக்கு. அந்த ஒரு க்ளையன்ட்ல வேற எதுலயும் கை வைக்காத. தடுக்கறதுதான் நம்ம பொழப்பு சித்ரா. புடிக்கறது போலீஸ்காரன் பொழப்பு."

"சரி பாஸ். கொழந்தைக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?"

"பேச்ச மாத்தாத."

அவர் போன வாரமே அவசரம் வந்தது, அதுவும் முதலாளி வாயிலிருந்தே வந்தது. கட்சாலுக்குக் கட்டுமானச் சாமான் ஏற்றிப் போகும் டெண்டர். போன தடவை மாதிரி ரேட் வெளியே போகக் கூடாது, ஃபைலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சொக்கலிங்கம் கடைக்குப் போன் செய்தார்.

"ஈஸ்வரன் ஊர்ல இல்லீங்க, நான் பாத்துக்கறேன்," என்றாள்.

"யாரும்மா பேசறது?"

சித்ரா தன் பெயரைச் சொல்லவில்லை. "சிஸ்டம் பாக்குற பொண்ணுங்க."

"சரிம்மா. ஒன்ன நம்பித்தான் இருக்கேன்," என்றார், அவளை நம்பாமல் அனுப்பியவர்.

ரேட் ஃபைலின் சாயலை மென்பொருளுக்குக் காட்டினாள். எல்லாருக்கும் 'தடு' என்று விதி எழுதினாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் தடுத்தால் என்ன ஆகும்? சந்திரமோகன் மைத்துனருக்கு அனுப்பப் பார்ப்பார், சிவப்புப் பெட்டி வரும், 'தெரியாம கை பட்டுடுச்சு' என்று சிரித்துவிட்டு எழுந்து போவார். கசிவு நிற்கும். ஆள் தப்பிப்பார். அதற்காகவா இத்தனை நாள் ஊறுகாய் தின்றாள்.

அவருடைய லாகினை மட்டும் தனியே எடுத்து வைத்தாள். அதற்கு வேறு விதி: விட்டுவிடு. எச்சரிக்காதே. குறித்துக்கொள். போன நொடியே முதலாளிக்கு மெயில் அனுப்பு.

சுற்றிலும் வேலி போட்டுவிட்டு ஒரே ஒருவருக்கு மட்டும் படலைத் திறந்து வைத்ததுபோல இருந்தது. வேலி காப்பதற்காகப் போட்டது என்பது அவளுக்கு ஞாபகம் இருந்தது. 'சேமி' என்ற பொத்தானை அழுத்தினாள். அன்று சாயங்காலம் வண்டூர் பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. அதையும் ஒரு நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டாள்.

பிறகு காத்திருந்தாள். ஃபீனிக்ஸ் பேயில் டீ குடிக்கும்போது சந்திரமோகன் நீல ஷட்டரிலிருந்து வெளியே வருவதும் போவதும் தெரியும். ஒருநாள் அவர் இவளைப் பார்த்துத் தலையசைத்தார், பழைய சிநேகிதரைப் போல. "எப்பிடிம்மா இருக்க? கார்ட்ரிட்ஜ் விக்கிறியாமே. நல்ல வேல, தப்புத்தண்டாவுக்கு எடமில்ல."

"ஆமா சார். நீங்க ஒடம்பப் பாத்துக்கங்க," என்றாள் சித்ரா. ரூபா டீ கிளாசை வைத்துவிட்டு, "அந்த ஆளுக்கு ஏன் இவ்ளோ மரியாத?" என்று கேட்டாள். "பலி குடுக்குற ஆட்டுக்கு மஞ்சத்தண்ணி தெளிக்க வேணாமா," என்றாள் இவள்.

மழை கொட்டிய ஒரு மத்தியானம் அது வந்தது. கடையில் ஒரு பள்ளிக்கூடக் கிளார்க்குக்கு டோனர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். திரையின் மூலையில் சின்ன மணி சிவந்தது. கிளார்க் மீதிச் சில்லறையை வாங்கி எண்ணி முடிக்கும்வரை பொறுத்துக்கொண்டு, அவர் குடையை விரித்து இறங்கியதும் திறந்தாள்.

ரேட் ஃபைல், முழுசாக. லாகின் சந்திரமோகன். மெஷின் மேனேஜர் கேபினுடையது. போன இடம் கட்சால் வெள்ளைச்சாமியின் சொந்த மெயில்.

வெள்ளைச்சாமி கட்சாலில் கம்பெனி ஏஜென்ட். சொக்கலிங்கத்துக்கு மட்டுமல்ல, அங்கே சரக்கு அனுப்புகிற எல்லாக் கம்பெனிக்கும் அவர்தான் ஏஜென்ட். அவ்வளவு சின்னத் தீவில் கம்பெனிக்கு ஒரு ஆளுக்கு எங்கே போவது. அவர் கைக்கு ரேட் போனால் எதிர்க் கம்பெனியின் கைக்குப் போனமாதிரி. மைத்துனர் வேண்டாம் என்று இந்தத் தடவை வழியை மாற்றியிருக்கிறார் மனுசன், என்று நினைத்தாள் சித்ரா. அவள் உடம்பு முழுக்க ஒரு சூடு பரவியது. கதவோரம் போய் நின்று மழையில் கையை நீட்டி நனைத்துக்கொண்டாள். இந்நேரம் முதலாளியின் போனில் மெயில் விழுந்திருக்கும். இந்நேரம் கூப்பிட்டிருப்பார். இந்நேரம் கண்ணாடி கழன்றிருக்கும்.

போன் அடித்தது. அங்கம்மா.

"அக்கா, நாந்தான். படிக்கட்டுக்குக் கீழ நின்னு பேசுறேன். கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. ஆபீஸ்ல கல்யாணக் கள கட்டுதா?"

"என்னாக்கா, ஒங்களுக்கு அதுக்குள்ள எப்பிடித் தெரியும்?"

"அத விடு. ஒங்க மேனேஜர் மூஞ்சி எப்பிடி இருக்கு? மொதல்ல அதச் சொல்லு."



"அக்கா, அனுப்புனது அவரு இல்லக்கா. நான்."

சித்ரா கதவோரத்திலிருந்து உள்ளே வந்தாள்.

"காலையிலருந்து நெட் இல்ல. ரோட்டுல தோண்டி வயர அறுத்துட்டானுங்க. மேனேஜர் கேபின்ல மட்டும் தனி லைன். அவரு சிமெண்டு ஏத்துறதப் பாக்கக் கெளம்புனாரு. 'சூடா இருக்கு, அணைக்காதீங்க, எல்லாரும் இதுலயே பாத்துக்கங்க'ன்னு தொறந்து வச்சிட்டுப் போனாரு. எறக்கு கூலி சரியான்னு அப்பாக்கிட்ட கேக்கச் சொல்லியிருந்தாரு முதலாளி. கட்சால்ல ஆபீஸ் மெயில் தொறக்காதுன்னு ஒங்களுக்கே தெரியும். எப்பவும்போல அப்பாவோட மெயிலுக்குப் போட்டேன். கூலிப் பக்கத்த மட்டும் அனுப்பணும்க்கா. முழு ஃபைலும் ஒட்டிக்கிட்டுப் போயிருச்சு."

வெள்ளைச்சாமி அங்கம்மாவின் அப்பா. திரையில் அந்தப் பெயரைப் பார்த்தபோது சித்ராவுக்கு அது தோன்றவே இல்லை. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் மேலே இருந்த இன்னொரு பெயர்தான்.

"சிகப்புப் பொட்டி வரலக்கா," என்றாள் அங்கம்மா. "போன வாரம் என்னோட சிஸ்டத்துல ஒருக்கா வந்துச்சு, ஒடனே நின்னுட்டேன். இன்னிக்கும் வந்திருந்தா நின்னிருப்பேன். ஏன்க்கா வரல?"

"சந்திரமோகன் என்னா சொல்றாரு?" என்று கேட்டாள் சித்ரா. இதைக் கேட்காமல் இருக்க அவளால் முடியவில்லை.

"முதலாளி கூப்பிட்டு மெயிலக் காட்டுனதும் மொதல்ல அவருக்கு வேத்துருச்சு. அப்புறம் யாருக்குப் போயிருக்குன்னு பாத்தாரு. பாத்ததும் நிமிந்துட்டாரு. 'லாகின் என்னுதுதான் முதலாளி, வெரல் என்னுது இல்ல. நான் ஜெட்டியில இருந்தேன். இவ அப்பனுக்குத்தானே போயிருக்கு'ங்கறாரு."

அது சித்ராவின் வாக்கியம். அன்று அதே அறையில், அதே மேஜைக்கு முன்னால், அவள் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் போட்டது. யாரும் அதைக் கையால்கூடத் தொடவில்லை. இவ்வளவு நாள் அந்த ஆள் அதைப் பத்திரமாக வைத்திருந்து, தனக்கு வேண்டிய நாளில் எடுத்துப் போட்டுக்கொண்டிருக்கிறார். அவருக்கு அது கச்சிதமாகப் பொருந்துகிறது, ஏனென்றால் இந்தத் தடவை அது உண்மை.

"முதலாளி?"

"ரெண்டு பேரையும் வெளியில நிக்கச் சொல்லிட்டாரு. 'சிஸ்டம் பாக்குற பொண்ணக் கேட்டுட்டுத்தான் முடிவு பண்ணுவேன்'ன்னாரு." அங்கம்மாவின் குரல் இறங்கியது. "அக்கா, ஒங்க கடையில வேற பொண்ணு இருக்காங்களா?"

மேலே யாரோ அங்கம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது போனில் கேட்டது. லைன் நின்றது.

சித்ரா கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவளிடம் அந்த வாக்கியம் தயாராக இருந்தது. பதிவுல இருக்கறது மேனேஜர் சார் பேருங்க, மெஷின் பொய் சொல்லாதுங்க. அதைச் சொன்னால் போதும். மைத்துனரின் முகவரியையும் எடுத்துக் கொடுக்கலாம், பழைய கணக்கும் இதோடு தீரும். ஆனால் அதே பதிவில், அதே வரியில், வெள்ளைச்சாமியின் முகவரியும் இருக்கிறது. மேனேஜர் கீழே விழும்போது அங்கம்மாவையும் பிடித்துக்கொண்டுதான் விழுவார். அங்கம்மாவை விடுவிக்க வேண்டுமானால் சிவப்புப் பெட்டி ஏன் வரவில்லை என்று சொல்ல வேண்டும். சொன்னால் சந்திரமோகன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு தன் கேபினுக்குத் திரும்பிப் போவார். ஈஸ்வரன் கடைக்கு இந்தக் கம்பெனி போகும். அவளுக்கு இந்தக் கடையும் போகும்.

நாசமாப் போற மனுசன், ஒரு தடவையாவது தானே செய்திருக்கக் கூடாதா.

விதியைத் திறந்து சந்திரமோகனின் லாகினையும் மற்றவர்களோடு சேர்த்தாள். 'தடு.' 'சேமி.' இனி அவருக்கும் சிவப்புப் பெட்டி வரும். பக்கத்தின் அடியில் ஒரு வரி புதிதாக முளைத்தது: விதி மாற்றப்பட்டது, மாற்றியவர் சித்ரா, தேதி, நேரம். அதற்கு மேலே அவள் படலைத் திறந்த அன்றைய வரி, அதே பெயரோடு. இந்த வரிகளை யாராலும் அழிக்க முடியாது என்பதை அவளே கஸ்டமர்களிடம் பெருமையாகச் சொல்லி விற்றிருக்கிறாள். ஜன்னலோர சிஸ்டம் இல்லை இது. இந்த நாற்காலியில் அவளைத் தவிர வேறு யாரும் உட்கார்ந்ததில்லை.

போன் அடித்தது. கண்ணாடி மேஜை மேல் அது அதிர்ந்து அதிர்ந்து டோனர் பெட்டிகளின் பக்கம் நகர்ந்தது. திரையில் சொக்கலிங்கம் முதலாளியின் பெயர். மழையில் நனைந்த கையைத் துப்பட்டாவில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அடித்து ஓய்ந்தது. வெளியே வண்டூர் பஸ் ஒன்று தண்ணீரை வாரியடித்துக்கொண்டு போனது.

மறுபடியும் அடிக்கத் தொடங்கியது.